நாடாளுமன்றம் ஒரு புதிய தொழில்நுட்பத்தை எடைபோடும்போது: கருத்துரை எழுதுவோருக்கான முழுமையான வழிகாட்டி

செயற்கை நுண்ணறிவு, ஓட்டுநரில்லா வாகனம், இணையப் பாதுகாப்பு என ஏதேனும் ஒன்றைப் பற்றி நாடாளுமன்றம் முடிவெடுக்கப்போகிறது என்ற செய்தி வந்ததும், சிங்கப்பூரில் உள்ள தமிழ் அமைப்புகள், குடியிருப்பாளர் குழுக்கள், ஓட்டுநர்கள், ஆசிரியர்கள் ஆகியோரில் சிலர் கருத்துரை அனுப்ப முன்வருகின்றனர். அவர்களுடன் உட்கார்ந்து வரைவுகளைத் திருத்தியதில் நான் கண்டது என்னவென்றால், சொல்ல வேண்டிய செய்தி எல்லாரிடமும் இருக்கிறது. ஆனால் எதை முதலில் செய்வது என்ற வரிசை தெரியாததால் அந்தச் செய்தி போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போவதில்லை. அந்த வரிசையைத்தான் இந்த வழிகாட்டி தருகிறது.

தொடங்குமுன் தேவைப்படுபவை

மூன்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது, மசோதா அறிமுகமாகியிருந்தால் அதன் முழு வாசகம். நாடாளுமன்ற இணையத்தளத்தில் அது கிடைக்கும். அதன் இறுதியில் உள்ள விளக்கக் குறிப்பு ஒவ்வொரு பிரிவும் என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லும். நாளிதழ்ச் செய்தியை மட்டும் படித்துவிட்டு எழுதுவோர், மசோதாவில் இல்லாத ஒன்றை எதிர்த்து இரண்டு பக்கம் எழுதிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, அதே தொழில்நுட்பத்தைப் பற்றி ஏற்கெனவே கேட்கப்பட்ட நாடாளுமன்றக் கேள்விகளும் பதில்களும். நாடாளுமன்ற அதிகாரபூர்வ அறிக்கைகளை இணையத்தில் சொல் கொடுத்துத் தேடலாம். உறுப்பினர் தமிழில் பேசியிருந்தால், ஆங்கில அறிக்கையின் அந்த இடத்திலேயே தாய்மொழி உரையைப் பார்க்கும்படி ஒரு குறிப்பு இருக்கும். அந்தத் தமிழ் உரைகளைப் படித்தால், துறைச்சொற்களை அவையில் எப்படிக் கையாள்கிறார்கள் என்பது தெரியவரும். உங்கள் வரைவுக்கு அது நேரடியாக உதவும்.

மூன்றாவது, உங்கள் குழுவில் யார் எழுதுவது, யார் கையொப்பமிடுவது, அழைப்பு வந்தால் யார் போய்ப் பேசுவது என்ற உடன்பாடு. இதைக் கடைசி நாளுக்குத் தள்ளிவைத்த குழுக்கள் கையொப்பத்திலேயே தடுக்கி நின்றுவிடுகின்றன.

1. விவகாரம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை உறுதிசெய்யுங்கள்

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில், அறிவியல், தொழில்நுட்ப விவகாரங்களை ஆராய்ந்து உறுப்பினர்களுக்குச் சொல்லும் 'போஸ்ட்' என்னும் அலுவலகம் 1989 முதல் இயங்குகிறது. ஜெர்மானிய நாடாளுமன்றத்துக்கு 'டாப்' என்னும் அலுவலகம் 1990 முதல் தொழில்நுட்ப மதிப்பீடுகளைத் தயாரித்துத் தருகிறது. சிங்கப்பூர் நாடாளுமன்றத்தில் இதற்கென்று தனி அலுவலகம் கிடையாது. இங்கு அந்த வேலை அமைச்சின் பொதுக் கருத்துத்திரட்டு, ஆலோசனைக் குழுக்கள், கேள்வி நேரம், மசோதா விவாதம், ஒரு விவகாரத்தை ஆராய்ந்து சாட்சியம் கேட்க அவை எப்போதாவது அமைக்கும் தெரிவுக்குழு எனப் பல இடங்களில் பிரிந்து நடக்கிறது. ஆகவே எந்த இடத்தில் கதவு திறந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

மசோதா இன்னும் வரவில்லை, அமைச்சு கருத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்றால், அதுவே மிகப் பயனுள்ள நேரம் என்பது என் கணிப்பு. இங்கு பெரும்பாலான மசோதாக்கள் முழு அவையும் குழுவாக அமரும் கட்டத்தின் வழியாகவே செல்கின்றன. தெரிவுக்குழுவுக்கு அனுப்பப்படுபவை சிலவே. முதல் வாசிப்பு, அதாவது மசோதாவை அவையில் அறிமுகப்படுத்துவது, முடிந்த பிறகு வாசகம் மாறுவது அரிது. வழக்கமான கால இடைவெளியின்றி நிறைவேற்ற இடமளிக்கும் அவசரச் சான்றிதழுடன் வரும் மசோதாவாக இருந்தால் மூன்று வாசிப்புகளும் ஒரே அமர்வில் முடிந்துவிடலாம்.

முதல் வாசிப்பு முடிந்துவிட்டாலும் கதவு முழுவதும் மூடிவிடுவதில்லை. மசோதாவை அவை விவாதிக்கும் இரண்டாம் வாசிப்பில் உறுப்பினர் ஒருவர் ஒரு பிரிவின் பொருளைக் கேட்டு, அமைச்சர் அதற்கு அவையில் விளக்கம் தந்தால், பின்னாளில் அந்தப் பிரிவுக்குப் பொருள்காணும்போது நீதிமன்றங்கள் அந்த விளக்கத்தைப் பார்க்கலாம். பொருள்விளக்கச் சட்டத்தின் 9ஏ பிரிவு அதற்கு இடமளிக்கிறது. எனவே இந்தக் கட்டத்தில் வாசகத்தை மாற்றும்படி கேட்பதைவிட, "இந்தப் பிரிவு இன்னாருக்குப் பொருந்துமா?" என்று கேட்கச் செய்வது அதிகப் பலன் தரும்.

புதியவர்கள் பெரும்பாலும் செய்யும் பிழை, ஆளுங்கட்சியின் அரசாங்க நாடாளுமன்றக் குழுக்களைத் தெரிவுக்குழு என்று எண்ணிக்கொள்வது. அரசாங்க நாடாளுமன்றக் குழுக்கள் 1987இல் கட்சி ஏற்படுத்தியவை. அவற்றிடம் கருத்துச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் அக்குழுக்கள் நாடாளுமன்றத்தின் சார்பில் சாட்சியம் கேட்பவை அல்ல.

2. தொழில்நுட்பம் எந்த அன்றாடச் செயலை மாற்றுகிறது என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

என்னிடம் வரும் முதல் வரைவுகளில் பாதி, தொழில்நுட்பம் எப்படி இயங்குகிறது என்ற விளக்கத்திலேயே தீர்ந்துபோகின்றன. அந்த விளக்கத்தைத் தருவதற்கு அமைச்சில் பொறியாளர்கள் இருக்கிறார்கள். உங்களிடமிருந்து மட்டுமே கிடைக்கக்கூடியது, அது புகுந்த பிறகு ஒருவருடைய நாள் எப்படி மாறுகிறது என்ற செய்தி.

2024 ஜனவரியில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். பேருந்து, ரயில் கட்டணத்துக்கான பழைய ஈசி-லிங்க் அட்டை முறையைப் படிப்படியாக நிறுத்திவிட்டுப் பெரியவர்களை சிம்ப்ளிகோ என்னும் புதிய கட்டண முறைக்கு மாற்றப்போவதாக நிலப் போக்குவரத்து ஆணையம் 9ஆம் தேதி அறிவித்தது. பொதுமக்களின் அதிருப்திக்குப் பிறகு 22ஆம் தேதி அந்த முடிவு மாற்றிக்கொள்ளப்பட்டது. பழைய முறையைத் தொடர 40 மில்லியன் வெள்ளி கூடுதலாகத் தேவைப்படும் என்றும் அறிவிக்கப்பட்டது. அதைப் பற்றி ஒரு குழு இப்படித் தொடங்கியது என்று வைத்துக்கொள்வோம்: "புதிய கட்டண முறையால் முதியோர் பெரிதும் சிரமப்படுகின்றனர்." இதைப் படிக்கும் உறுப்பினரால் எதுவும் செய்ய இயலாது. அதையே பின்வருமாறு எழுதிப் பாருங்கள்: "அட்டையைத் தட்டும்போது கட்டணமும் மீதித் தொகையும் கட்டணக் கருவியின் திரையில் தெரியாததால், திறன்பேசி பயன்படுத்தாத முதியவர் ஒருவர் பேருந்தில் ஏறுமுன் தம் அட்டையில் போதிய பணம் இருக்கிறதா என்பதை அங்கேயே அறிய வழியில்லை." இதில் செயல் இருக்கிறது, ஆள் இருக்கிறார், தடை எங்கே இருக்கிறது என்பதும் இருக்கிறது, தீர்வு எங்கே தேட வேண்டும் என்பதும் தானாகவே தெரிந்துவிடுகிறது.

இந்த ஒரு வாக்கியம் அமையும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். பின்னர் வரும் ஒவ்வொரு பத்தியும் இதற்கு அடங்கியதாக இருக்க வேண்டும் என்பதே காரணம்.

3. பாதிக்கப்படுவோரை மூன்று சுற்றாகப் பட்டியலிடுங்கள்

முதல் சுற்றில், தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவோரை எழுதுங்கள். இரண்டாம் சுற்றில், பயன்படுத்தாமலேயே அதனால் தொடப்படுவோரை எழுதுங்கள். மூன்றாம் சுற்றில், தொழில்நுட்பத்தைக் கட்டுப்படுத்தினாலோ தடைசெய்தாலோ யார் பாதிக்கப்படுவார்கள் என்று எழுதுங்கள். இந்த மூன்றாம் சுற்றை ஏறக்குறைய எல்லாருமே விட்டுவிடுகிறார்கள்.

தனிநபர் நடமாட்டச் சாதனங்களின் கதை இதற்குப் பொருத்தமானது. மின்-ஸ்கூட்டர் ஓட்டியவர்கள் முதல் சுற்று. வீவக அடுக்குமாடி புளோக்குகளுக்கு இடையிலான நடைபாதையில் பேரப்பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தவர்கள் இரண்டாம் சுற்று. 2019 நவம்பர் 5 முதல் நடைபாதைகளில் மின்-ஸ்கூட்டர் ஓட்டத் தடை வந்தபோது, உணவு விநியோகம் செய்து பிழைத்த ஓட்டுநர்கள் மூன்றாம் சுற்றாக வெளிப்பட்டனர். அவர்களில் பலர் நாடாளுமன்ற உறுப்பினர்களின் மக்கள் சந்திப்புகளுக்குச் சென்று முறையிட்டனர். வேறு வாகனத்துக்கு மாற 7 மில்லியன் வெள்ளி மானியத் திட்டம் அந்த மாதமே அறிவிக்கப்பட்டது. நடைபாதைப் பாதுகாப்பைக் கேட்டு எழுதும் ஒரு குழு, இந்த மூன்றாம் சுற்றையும் தானே முன்கூட்டி எழுதி, மாற்று ஏற்பாட்டையும் சொல்லியிருந்தால், அந்தக் கருத்துரைக்கு எதிர்வாதம் செய்வது கடினமாகியிருக்கும்.

பட்டியலில் "சமூகம்", "பொதுமக்கள்", "இந்தியர்கள்" போன்ற பரந்த பெயர்கள் இருந்தால் அவற்றை உடைத்து எழுதுங்கள். விடுதியில் தங்கும் தமிழ்நாட்டு ஊழியருக்கும், தேக்காவில் கடை வைத்திருப்பவருக்கும், உயர்நிலைப்பள்ளி மாணவரின் தாயாருக்கும் ஒரே செயலி மூன்று விதமாக வேலை செய்கிறது.

4. ஆதாரத்தைத் தரம்பிரித்து வையுங்கள்

நீங்களே கண்டது, பிறர் உங்களிடம் சொன்னது, அச்சில் வெளிவந்தது என்று மூன்று குவியல்களாகப் பிரியுங்கள். கருத்துரையிலும் எது எந்தக் குவியல் என்பது வாசிப்பவருக்குத் தெரிய வேண்டும். பிறர் சொன்னதை நீங்களே கண்டதுபோல எழுதிவிட்டு, குறுக்குக் கேள்வியில் "அதை நீங்கள் நேரில் பார்த்தீர்களா?" என்று கேட்கப்பட்டால், மற்ற பத்திகளும் சேர்ந்தே மதிப்பிழக்கும்.

வாட்ஸ்அப்பில் வந்த காணொளியை ஆதாரமாக இணைக்காதீர்கள். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான் என்றாலும் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிறருடைய அனுபவத்தைச் சேர்க்கும்போது அவரிடம் அனுமதி வாங்குங்கள். பெயர், முகவரி, வேலையிடம் ஆகியவற்றை நீக்கிவிடுங்கள். தெரிவுக்குழுவுக்கு அனுப்பப்படும் கருத்துரைகள் பின்னர் அறிக்கையோடு பொதுவில் வெளியிடப்படலாம் என்பதால் இதில் அலட்சியம் கூடாது.

துறைசார்ந்த ஐயம் எழுந்தால் நிபுணர் ஒருவரை அழைத்து உரை நிகழ்த்தச் சொல்வதைவிட, குழுவே கேள்விகளை முதலில் எழுதி வைத்துக்கொண்டு அவற்றுக்கு மட்டும் பதில் கேட்பது நல்லது. டென்மார்க்கில் நடத்தப்பட்ட இணக்க மாநாடுகள் இந்த முறையில்தான் இயங்கின. துறைக்குத் தொடர்பில்லாத சாதாரணக் குடிமக்கள் சிலர் கேள்விகளைத் தயாரித்து, நிபுணர்களைப் பொதுவில் விசாரித்து, முடிவறிக்கையைத் தாங்களே எழுதினர். சமூக மன்றத்தின் ஓர் அறையில் ஒரு மாலைப்பொழுதில் இதன் சிறிய வடிவத்தை நடத்திவிடலாம்.

5. தெரிவுகளை முன்வையுங்கள்; தடை ஒன்றை மட்டும் கேட்காதீர்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். அனுமதி, தடை என்ற இரண்டை மட்டுமே வைத்து எழுதப்படும் கருத்துரையை ஓரமாக வைத்துவிடுவது எளிது. சட்டம் இயற்றுவோர் உண்மையில் கையாளும் கருவிகள் இவ்விரண்டுக்கும் இடையில்தான் இருக்கின்றன. அமெரிக்க நாடாளுமன்றத்துக்கென 1972ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாகி 1995இல் மூடப்பட்ட தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகம், பொதுவாக ஒரே பரிந்துரையைத் திணிக்காமல் பல தெரிவுகளையும் அவற்றின் விளைவுகளையும் அருகருகே வைத்தது. குடிமக்கள் குழு தனக்குப் பிடித்த தெரிவைச் சொல்லலாம். ஆனால் மற்றவற்றையும் எண்ணிப் பார்த்த தடயம் தாளில் இருக்க வேண்டும்.

சிங்கப்பூரிலேயே பயன்படுத்தப்பட்ட கருவிகளை எடுத்துக்காட்டினால் வாசிப்பவருக்கு அது புதிதாகத் தோன்றாது.

காலவரம்பு ஒரு கருவி. 2017இல் சாலைப் போக்குவரத்துச் சட்டம் திருத்தப்பட்டபோது, ஓட்டுநரில்லா வாகனச் சோதனைகளுக்கான விதிகள் ஐந்தாண்டுக் காலத்தைக் கணக்கில் வைத்தே அமைக்கப்பட்டன. விளைவு தெளிவாகத் தெரியாத நிலையில் காலவரம்பு கேட்பது, சோதனை முடிந்தபின் நாடாளுமன்றம் மறுபடியும் பார்க்க வேண்டிய கட்டாயத்தை உருவாக்குகிறது. டேவிட் காலிங்ரிட்ஜ் 1980இல் சுட்டிய சிக்கல் இதற்குப் பின்னால் இருக்கிறது: மாற்றுவது எளிதாக இருக்கும் தொடக்கத்தில் விளைவு தெரியாது, விளைவு தெரியும்போது மாற்றுவது கடினமாகிவிடும்.

குறிப்பிட்ட பருவத்துக்கு மட்டுமான தடை இன்னொன்று. வேட்பாளரைச் செயற்கையாகப் பேசவைக்கும் போலிக் காணொளிகளுக்கு எதிராக 2024 அக்டோபரில் நிறைவேறிய தேர்தல் சட்டத் திருத்தம், தேர்தல் ஆணை வெளியானது முதல் வாக்களிப்பு முடியும்வரை உள்ள நாள்களுக்கே பொருந்தும்.

பயன்பாட்டு வரையறை மூன்றாவது. கொவிட்-19 காலத்தில் பயன்பட்ட டிரேஸ்டுகெதர் செயலியின் தரவு கிருமித்தொற்றுத் தொடர்புகளைக் கண்டறிய மட்டுமே பயன்படும் என்று முதலில் கூறப்பட்டிருந்தது. 2021 ஜனவரி 4ஆம் தேதி நாடாளுமன்றக் கேள்வி ஒன்றுக்கு அளித்த பதிலில், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ் காவல்துறை அந்தத் தரவைப் பெறலாம் என்று உள்துறைத் துணையமைச்சர் கூறினார். அடுத்த மாதம் 2ஆம் தேதி, அவசரச் சான்றிதழுடன் வந்த மசோதா நிறைவேறி, ஏழு வகைக் கடுங்குற்றங்களை விசாரிக்க மட்டுமே அதைப் பயன்படுத்தலாம் என்று வரையறுத்தது. ஒரு குறிப்பான கேள்வியிலிருந்து ஒரு சட்டம் பிறக்க ஒரு மாதம்கூட ஆகவில்லை. கேள்வி "தரவு பாதுகாப்பாக இருக்கிறதா?" என்று பொதுவாக இருந்திருந்தால், ஆம் என்ற பதிலோடு எல்லாம் முடிந்திருக்கும்.

இடவரையறை, பழைய வழியை இணையாகத் தொடர்தல் ஆகிய இரண்டும் மேலே நடைபாதையிலும் கட்டண அட்டையிலும் கண்டவையே.

ஒவ்வொரு தெரிவுக்கும் கீழே இரண்டு வரிகள் எழுதுங்கள்: அதற்கான செலவு யார்மீது விழுகிறது, அது தோற்றால் எப்படித் தெரியவரும். இரண்டாவது வரியை எழுத முடியாத தெரிவை நீக்கிவிடலாம்.

6. நான்கு பக்கத்துக்குள் வரைவை முடியுங்கள்

பிரிட்டனின் போஸ்ட் அலுவலகம் சிக்கலான அறிவியல் விவகாரங்களையும் பொதுவாக நான்கு பக்கக் குறிப்புகளாகவே உறுப்பினர்களிடம் தருகிறது. அந்த அளவு உங்களுக்கும் போதும். நீங்கள் யார் என்பது ஒரு பத்தி, இரண்டாம் படியில் எழுதிய வாக்கியம், யார் பாதிக்கப்படுகிறார் என்பது, ஆதாரம், தெரிவுகள், எந்தப் பிரிவில் என்ன மாற்றம் வேண்டும் என்பது. பத்திகளுக்கு எண் கொடுங்கள். கேள்வி கேட்பவர் "உங்கள் 7ஆம் பத்தி" என்று சுட்ட முடிந்தால் பேச்சு நேராகச் செல்லும்.

அரசமைப்புச் சட்டத்தின் 53ஆம் பிரிவின்படி நாடாளுமன்ற விவாதங்கள் மலாய், ஆங்கிலம், மாண்டரின், தமிழ் ஆகிய மொழிகளில் நடக்கலாம். ஆயினும் உங்கள் தாளைப் படிக்கப்போகும் உறுப்பினர்களில் பலருக்குத் தமிழ் தெரியாது. தமிழில் சிந்திப்பவர்கள் முதல் வரைவைத் தமிழிலேயே எழுதி, ஆங்கில வடிவத்தையும் சேர்த்து அனுப்புவது நடைமுறைக்கு உகந்தது. அனுப்புமுன், உங்களோடு உடன்படாத ஒருவரிடம் வரைவைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். நண்பர்கள் பாராட்டுவார்கள், அவர் ஓட்டையைக் காட்டுவார்.

7. சரியான கதவு வழியாக அனுப்புங்கள்

தெரிவுக்குழு அழைப்பு விடுத்திருந்தால், அறிவிப்பில் உள்ள முகவரி, கடைசி நாள், கையொப்ப விதி, வாய்மொழிச் சாட்சியம் அளிக்க விருப்பமா என்று குறிப்பிட வேண்டிய இடம் ஆகியவற்றை அச்சுப்பிசகாமல் பின்பற்றுங்கள். அனுப்பிய கருத்துரையைக் குழு வெளியிடுவதற்கு முன் நீங்களாகவே பேஸ்புக்கில் போடக்கூடாது. ஆர்வக்கோளாறால் இதில் சறுக்குவோர் உண்டு.

தெரிவுக்குழு இல்லாத நிலையில் உறுப்பினர் வழியாகச் செல்லுங்கள். ஓர் உறுப்பினர் ஓர் அமர்வுக்கு ஐந்து கேள்விகள் வரையே தாக்கல் செய்ய முடியும்; அவற்றில் வாய்மொழிப் பதிலுக்கு மூன்று மட்டுமே; ஏழு முழு நாள்களுக்கு முன்னதாக அறிவிப்புக் கொடுக்க வேண்டும். ஆகவே மக்கள் சந்திப்புக்குப் போகும்போது நான்கு பக்கத்தைக் கொடுப்பதோடு, கேள்வி வடிவில் இரண்டு வாக்கியங்களையும் எழுதிக் கொடுங்கள். உங்கள் தொகுதி உறுப்பினருக்கு அந்தத் துறையில் ஈடுபாடு இல்லையென்றால், எக்கட்சியையும் சாராத நியமன உறுப்பினர் ஒருவருக்கு எழுதலாம். ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டத்துக்குப் பின் ஒவ்வோர் அமைச்சின் செலவையும் அவை விவாதிக்கும். ஏற்கெனவே நடப்பில் இருக்கும் தொழில்நுட்பம் பற்றிப் பேச அதுவே ஏற்ற வேளை.

8. வாய்மொழிச் சாட்சியத்துக்கு அழைக்கப்பட்டால்

வேண்டுமென்றே பரப்பப்படும் இணையப் பொய்கள் பற்றிய 2018ஆம் ஆண்டுத் தெரிவுக்குழுவுக்கு 169 கருத்துரைகள் வந்தன. மார்ச் மாதத்தில் எட்டு நாள் நடந்த பொது விசாரணையில் 65 தனிமனிதர்களும் அமைப்புகளும் சாட்சியமளித்தனர். எழுதிய எல்லாரும் அழைக்கப்படுவதில்லை என்பதை இது காட்டுகிறது. அழைக்கப்பட்டவர்களில் பேஸ்புக், கூகல், டுவிட்டர் நிறுவனங்களின் பிரதிநிதிகளும் இருந்தனர். கேள்விகள் கூர்மையாகவே இருந்தன.

ஆம் அல்லது இல்லை என்று கேட்கப்பட்டால் முதலில் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டுப் பிறகு விளக்குங்கள். விளக்கத்தோடு தொடங்கினால் நழுவுவதாகத் தோன்றும். உங்கள் குழு ஆராயாத பொருளைக் கேட்டால் "நாங்கள் அதை ஆராயவில்லை" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். தெரிந்தே பொய்ச் சாட்சியம் கூறுவது தண்டனைக்குரியது. தெரியாததை ஊகித்துச் சொல்வது குற்றமில்லை என்றாலும், பதிவேட்டில் உங்கள் பெயரோடு நிற்கும்.

9. அறிக்கை வந்தபின் செய்ய வேண்டியவை

அறிக்கையின் முன்பகுதியோடு நின்றுவிடாமல் பின்னிணைப்புகளைத் திறந்து, உங்கள் கருத்துரை எந்தப் பத்தியில் சுட்டப்பட்டிருக்கிறது, ஏற்கப்பட்டதா மறுக்கப்பட்டதா என்று குறித்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன தெரிவுக்குழு அந்த ஆண்டு செப்டம்பரில் 22 பரிந்துரைகளை அளித்தது. அவற்றில் சட்டம் தொடர்பானவை போக, ஊடக அறிவு, செய்தித் தரம், சமூக ஒற்றுமை குறித்த பரிந்துரைகளும் இருந்தன. செய்தித்தாள்களில் அவற்றுக்குக் கிடைத்த இடம் குறைவு. சமூக அமைப்புகள் பங்காற்றக்கூடிய இடமோ அங்கேதான் இருந்தது.

சட்டம் நிறைவேறிய நாளுக்கும் நடப்புக்கு வரும் நாளுக்கும் இடையில் உள்ள மாதங்களைக் கவனியுங்கள். இணையப் பொய்களுக்கு எதிரான பொஃப்மா சட்டம் 2019 மே 8ஆம் தேதி நிறைவேறியது. நடப்புக்கு வந்தது அக்டோபர் 2ஆம் தேதி. சட்டத்தின்கீழ் வரும் விதிமுறைகளும் வழிகாட்டி நெறிகளும் பொதுவாக இத்தகைய இடைவெளியில்தான் எழுதப்படுகின்றன. கட்டணம், படிவம், மேல்முறையீட்டுக் கால அளவு போன்ற நடைமுறை விவரங்கள் அவற்றில் இடம்பெறுவதால், அரசிதழில் அவை வெளியாகும்வரை உங்கள் கோப்பை மூடாதீர்கள். ஐந்தாம் படியில் காலவரம்பு கேட்டு அது கிடைத்திருந்தால், மறுஆய்வு வரும் ஆண்டை நாள்காட்டியில் குறித்துவிட்டு, இன்றைய ஆதாரக் குவியல்களை அப்போது பொறுப்பிலிருக்கப்போகும் செயலாளருக்குக் கிடைக்கும் இடத்தில் வையுங்கள்.